மாம்பழத்துக்கு ஒரு பரஸ்தானம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மௌனிகா தோப்புக் கொட்டகையைத் திறந்து பார்த்தபோது அறுபது பெட்டி மாம்பழத்தில் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அவளே நிரப்பி, அவளே டேப் போட்டு, சென்னை விலாசம் ஒட்டி, சுவரோரம் அடுக்கி வைத்தவை. இப்போது தரையில் கொஞ்சம் வைக்கோலும் பாதி தீர்ந்த டேப்பும்தான் கிடந்தன. திருட்டு என்று நினைக்கவும் வழியில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி ஆணியில் தொங்கியது. காரியம் முடிந்ததும் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற அளவுக்குக் கோவிந்தாபுரத்துத் திருடர்கள் இன்னும் நாகரிகம் அடையவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். அம்மா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பொட்டியெல்லாம் காணமுங்க!"

"ஏன் அம்மிணி இப்படிக் கத்தறே? உங்கப்பாதான் வெடியால அஞ்சு மணிக்கே வண்டீல ஏத்திக் கொண்டுபோயிட்டாரு. நாச்சம்மா அத்தை ஊட்டுக்கு."

"அத்தை ஊட்டுக்கா? எதுக்குங்க?"

"இன்னைக்கு வெள்ளிக்கெழமையில்லொ. மேக்கே சூலமாமா, வண்டி போறதும் மேக்கேதானே. கொரியர் வண்டி வர்ற பத்தரை மணிக்கு ராகுகாலம் வேறயாமா. அதான் பரஸ்தானம் வெக்கறாராமா."

மௌனிகா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பயணம் போக வேண்டிய நாளில் நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்து, துணிப்பையையோ குடையையோ கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் எந்த ராகுகாலத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டால் போதும். பயணம் பை வைத்த நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. பஞ்சாங்கத்தை ஏமாற்றும் வழியைப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இது மனிதர்களுக்கு உள்ள ஏற்பாடு. மாம்பழத்துக்குப் பரஸ்தானம் வைத்த முதல் ஆள் மௌனிகாவின் அப்பா செங்கோட்டையனாகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்குப் பதினோரு ஏக்கர் மாந்தோப்பு. அந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வதைத்தான் அவரும் செய்துவந்தார்: பூ விடும் முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார். குத்தகைக்காரர் ராஜசேகர். மருந்து அடிப்பதும் காய் பறிப்பதும் லாரி ஏற்றுவதும் அவர் பாடு. பதினேழு வருடமாகச் செங்கோட்டையன் தன் தோப்புக்குள் விருந்தாளி மாதிரிதான் போய்வந்தார். மூணாறில் ஒரு தேயிலைக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்த மகள் போன வருடம் திரும்பி வந்து, "ஒரே ஒரு வருசம் தோப்ப என்ற கையில குடுங்கப்பா, ஆன்லைன்ல நேரா வித்துக் காட்டறேன்" என்றபோது, மனைவியும் சேர்ந்து சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார்.

மௌனிகா கெட்டிக்காரி. ஆனால் தேயிலை காத்திருக்கும், மாம்பழம் காத்திருக்காது என்பதை அவள் மாம்பழத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் சென்னை லோடு இருபது பெட்டி. ஏழு பெட்டி போய்ச் சேரும்போதே அழுகல். ஒழுகிய பெட்டியைப் படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவர் ஸ்ரீலேகா. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, சென்னையில் அறுபது வீடுகள் உள்ள குடியிருப்புக்குச் செயலாளராக இருப்பவர். பாலக்காட்டுப் பழம் என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லி வாங்கவைத்தவர் என்பதால் கோபமும் அவருக்குத்தான் அதிகம்.

அன்றிலிருந்து மௌனிகா லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தாள். பெட்டியில் கூடுதலாக நாலு ஓட்டை. மூன்று அடுக்கு பழத்துக்குப் பதில் இரண்டு அடுக்கு. வெயில் ஏறுமுன் பறிப்பு. காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்து, பால் வடிந்த பிறகே பெட்டி. கோயம்புத்தூருக்குப் போகிற பழம் பழுக்கிற பருவத்தில், சென்னைக்குப் போகிறது நல்ல முற்றல் காயாக. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெட்டி, அரைப் பெட்டி என்று அழுகல் குறைந்தது. ஆனாலும் வழியில் நாலு நாள். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் நாலு நாள் கிடந்தால் மனிதனே அழுகிப்போவான்.

ஸ்ரீலேகா இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அறுபது வீட்டுக்கும் ஆளுக்கொரு பெட்டி. இதைக் கேட்ட செங்கோட்டையன் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த லோடும் கெட்டுச்சுன்னா போதும் அம்மிணி. ராஜசேகரு மூணு வருசக் குத்தகை கேக்கறாரு. வர்ற புதன்கெழமை காத்தால வரச் சொல்லியிருக்கறேன்." பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். மகளின் தோப்பைப் பறிப்பதற்கும் அவர் நல்ல நாளாகத்தான் பார்த்திருந்தார்.

அந்த அறுபது பெட்டியைத்தான் இப்போது காணோம்.

மௌனிகா ஸ்கூட்டரை எடுத்தாள். அத்தை வீடு எட்டு கிலோமீட்டர். கோவிந்தாபுரம் கேரளத்து எல்லை ஊர்; நேர்க் கிழக்கே போய், செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, அப்புறம் பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச தூரம். வழியெல்லாம் அப்பாவிடம் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்தபோது அத்தை வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் அறுபது பெட்டியும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டுச் செங்கோட்டையன் சந்தகையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கல்யாணத்தை நல்லபடி நடத்தி முடித்தவரின் களை.

"வா கண்ணு, வா. நீயும் ரெண்டு சந்தகை சாப்புடு" என்றார் அத்தை நாச்சம்மாள்.

"சந்தகை கெடக்கட்டுங்க அத்தை. அப்பா, பத்தரைக்கு வண்டி வந்துருமுங்க. பொட்டியெல்லாம் ஏத்துங்க, போலாம்."

"ஏத்தப்படாது" என்றார் செங்கோட்டையன். "பரஸ்தானம் வெச்ச சாமானத் திருப்பி ஊட்டுக்குக் கொண்டாரப்படாது. வெச்ச எடத்துலருந்துதான் பொறப்படோணும். அதுதான் மொறை."

"அப்ப வண்டி?"

"இங்க வரச் சொல்லு. லோடு எடுக்க வர்றவனுக்கு எட்டு கிலோமீட்டரு ஒரு தூரமா? ராஜசேகரோட லாரியெல்லாம் மரத்தடிக்கே வரும்."

அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது சரிதான். அங்கே லாரி பழத்துக்காகக் காத்துக் கிடக்கும், டிரைவர் கயிற்றுக் கட்டிலில் தூங்கி எழுந்து காப்பி குடிப்பார். கொரியர் வண்டிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க அனுமதி இல்லை என்பதை அப்பாவுக்கு விளக்குவதைவிட மாமரத்துக்கு விளக்குவது சுலபம். மௌனிகா டிரைவருக்குப் போன் போட்டாள்.

"சேச்சி, அது தமிழ்நாடு பின்கோடாணு" என்றான் பாதி மலையாளத்தில் பேசும் டிரைவர். "என்ற மெஷீன்ல அது வராது. கோவிந்தாபுரத்துல லோடு இருந்தா எடுக்கறேன், இல்லைன்னா சரக்கு ரெடி இல்லைன்னு அடிச்சிட்டுப் போய்டுவேன்."

"வண்டிச் சாவியக் குடுங்கப்பா" என்றாள் மௌனிகா. செங்கோட்டையன் வேட்டி மடிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது. அங்கேயே இருக்கப்போகிறது என்பதும் தெரிந்தது.

மூன்று மாதம். ஓட்டை ஓட்டையாக, அடுக்கு அடுக்காக யோசித்து யோசித்து இந்த லோடு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். கடைசியில் அது ராகுகாலத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. "உங்குளுக்கு என்ற மேல நம்பிக்கை இல்லீங்கப்பா, அதைச் சொல்லீருங்க" என்றாள். குரல் உடைந்தது.

செங்கோட்டையன் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். "நம்பிக்கை இல்லாமயா வெடியால எந்திரிச்சு, இந்த இடுப்பு வலியோட அறுபது பொட்டியும் ஒத்தையாளா ஏத்துனேன்? மொதல் லோடு ஏழு பொட்டி அழுகிப்போச்சு. நீ சோறு திங்காம படுத்துட்டே. அது வெள்ளிக்கெழமை, மேக்கே போச்சு. நாம் பஞ்சாங்கத்துல பாத்தேன். உங்கிட்டச் சொன்னாச் சிரிப்பே. அதான் சொல்லாமக் கொண்டாந்தேன்."

மௌனிகாவுக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது, அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பாவுக்கு ஒருமுறையாவது கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று கொரியர் ஆப்பைத் திறந்தாள்.

"பாருங்க. உங்க கண்ணால பாருங்க. எடுக்கற எடம்னு இருக்குதுங்களா? அதுல அத்தை ஊட்டு விலாசத்தப் போடறேன். பின்கோடு போடறேன். இப்ப முடியாதுன்னு செவப்புல வரும், பாருங்க."

சிவப்பில் எதுவும் வரவில்லை. சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது. பிறகு பச்சை நிறத்தில் வந்தது: எடுக்கும் நேரம், இன்று மாலை நான்கு மணி. போய்ச் சேரும் நாள், ஞாயிறு.

மௌனிகா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். ஞாயிறு. கோவிந்தாபுரத்திலிருந்து போட்டால் செவ்வாய். அதே கம்பெனி, அதே பழம், அதே சென்னை. நடுவில் எட்டு கிலோமீட்டர்.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பழைய லோடு போன வழியைப் பார்த்தாள். இத்தனை நாள் போய்ச் சேர்ந்த தேதியை மட்டும்தான் பார்த்திருந்தாள். பழம் கோவிந்தாபுரத்தில் ஏறியது. மேற்கே கொல்லங்கோடு போனது, பாலக்காடு போனது. கேரளத்துச் சரக்கு என்பதால் அங்கிருந்து கொச்சிக் கிடங்குக்குப் போய் ஒரு நாள் படுத்துக் கிடந்தது. பிறகு வந்த வழியே திரும்பி, வாளையார் தாண்டி, கோயம்புத்தூர் வந்து, அப்புறம்தான் சென்னை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். கிழக்கே இருக்கிற ஊருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழத்தை மேற்கே அனுப்பியிருக்கிறாள். அவளுடைய ஷீட்டில் 'புறப்படும் இடம்' என்று முதல் பத்தி ஒன்று இருந்தது. அதில் கோவிந்தாபுரம் என்று முதல் நாள் அடித்ததோடு சரி. மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவளுக்கு அதையும் மாற்றலாம் என்று தோன்றவே இல்லை. சொந்த வீட்டு விலாசத்தை யார் மாற்ற நினைப்பார்கள்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெதுவாக வந்து, அப்புறம் அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங் அண்ணா, புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று பதறினார் அத்தை.

"ஒண்ணும் ஆகலீங்க அத்தை. சந்தகை இருந்தாப் போடுங்க, பசிக்குது." பிறகு அப்பாவிடம் கொச்சிக் கிடங்கையும் வாளையாரையும் விரலால் காட்டி விளக்கினாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"மேக்கே போகப்படாதுன்னு அதத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

நாலு மணிக்குச் சொன்னபடி பொள்ளாச்சியிலிருந்து வண்டி வந்தது. அறுபது பெட்டியும் ஏறின. செங்கோட்டையன் வண்டிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தப் போக, பெட்ரோல் வண்டி என்று டிரைவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மௌனிகாவுக்கு ஒன்று உறைத்தது.

பழம் நாலு நாள் பயணத்துக்குப் பறித்தது. செவ்வாய்க்கிழமை பழுக்கும்படி, பார்த்துப் பார்த்து எடுத்த முற்றல் காய். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால் அறுபது வீட்டிலும் பச்சைக் கல்தான் இருக்கும். முதல் தடவை அழுகல், இரண்டாம் தடவை காய். யார் சும்மா இருப்பார்கள்? பயந்துகொண்டே ஸ்ரீலேகாவைக் கூப்பிட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது உட்பட.

"பரஸ்தானமா?" என்றார் ஸ்ரீலேகா. "மாம்பழத்துக்கா?" அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "என்னடீ கொழந்தே இது! நான் மெட்ராஸுக்கு வேலைக்குப் பொறப்படறச்சே எங்கப்பா என் பொட்டியத் தூக்கிண்டு போய் அடுத்தாத்துல வெச்சார். ரெண்டு நாள் மாத்திக்கப் பொடவை இல்லாம நின்னேன், கேட்டயா. உங்கப்பாவும் அந்த ஜாதி மனுஷர்தானா?"

"ஆமாங்க மேடம். காய் ரெண்டு நாள் ஆகும் பழுக்கறதுக்கு. பொட்டியிலயே வைக்கோலோட வெச்சிருந்தாப் போதுமுங்க."

"வெச்சுக்கச் சொல்றேன். ஆனா அறுபது ஆத்துக்காராளுக்கும் நான்தான் ஜவாப் சொல்லணும். பழுக்காமப் போச்சோ, நான் லிஃப்டுல ஏற முடியாது, பாத்துக்கோ."

ஞாயிறு மத்தியானம் படம் வந்தது. அறுபது பெட்டி வரிசையாக, ஒன்றில்கூட ஈரம் இல்லை. மௌனிகா அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. சாயங்காலமே 'கல் மாதிரி இருக்கிறது, ஊறுகாய் போடவா?' என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் எழுதினார். திங்கள்கிழமை வேறு இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை யாரும் எதுவும் எழுதவில்லை. அதுதான் மோசம். அன்று முழுக்க அவள் கொட்டகையில் அதே மரத்துக் காய்கள் ஆறை வைக்கோலில் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கி அமுக்கியே இரண்டு காய் கன்றிப்போனது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ராஜசேகர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. நல்ல மனிதர். பதினேழு வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்ன சொல் தவறியதில்லை. அதுதான் மௌனிகாவுக்குச் சங்கடம். கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போடலாம். அம்மா காப்பி கொடுத்தார். ராஜசேகர் மழை பற்றியும் பூச்சி பற்றியும் பேசினார். செங்கோட்டையன் தலையாட்டிக்கொண்டிருந்தார். தட்டு இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் இருந்தது.

போன் அடித்தது. அவசரத்தில் மௌனிகா ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"கொழந்தே! பழுத்துடுத்துடீ!" ஸ்ரீலேகாவின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "நேத்து ராத்திரி எல்லார் ஆத்துலயும் ஒரே சமயத்துல பழுத்துடுத்து. காத்தால கதவைத் தொறந்தா மாடிப்படியெல்லாம் மாம்பழ வாசனை. ஊறுகாய் போடறேன்னாரே அந்த மூணாம் மாடிக்காரர், அவர் இன்னும் ரெண்டு பொட்டி கேக்கறார். நான் எங்காத்து வாசல்ல நின்னுண்டு ஒரு பழத்த அப்படியே கடிச்சுத் தின்னேன், இந்த வயசுல. அடுத்த பில்டிங்காராளும் கேக்கறா. நூத்திருபது பொட்டி வேணும். ஆகுமோ?"

மௌனிகாவால் "ஆகுமுங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. போனை வைத்துவிட்டு அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கோட்டையன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தட்டை இரண்டு கையாலும் எடுத்து, ராஜசேகரிடம் மரியாதையாக நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க. இந்த வருசமுன்னு இல்லீங்க, இனி எந்த வருசமும் குத்தகை இல்லீங்க. தோப்பு என்ற புள்ளையுதுங்க."

ராஜசேகர் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு நிமிடம் வருத்தப்பட்டது உண்மை. பிறகு மௌனிகாவைப் பார்த்துச் சிரித்தார். "பதினேழு வருசம் உங்க தோப்புக் காயப் பறிச்சு லாரி ஏத்தியிருக்கறனுங்க அம்மிணி. எல்லாம் பச்சைக் காய். பழுத்தா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. எனக்கும் ஒரு பொட்டி குடுங்க."

கொட்டகையில் இருந்த காய்களில் கன்றிய இரண்டைத் தள்ளிவிட்டு, பழுத்திருந்த நாலையும் மௌனிகா ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் போன பிறகும் அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அத்தைக்குப் போன் போட்டுக் கத்தினாள், நூற்றிருபது பெட்டிக்கு அட்டை போதுமா என்று எண்ணப் போய் இரண்டு முறை எண்ணிக்கை தவறினாள்.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. செங்கோட்டையன் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பறிக்கிற ஆட்கள் நாலு பேர், வலை கட்டிய கம்புகளோடு.

"அம்மிணி" என்றார். தோப்பு விஷயத்தில் அவர் இதுவரை யாரிடமும் பேசியிராத குரல் அது. "ஆளுக வந்துட்டாங்க. எந்தப் பக்கத்து மரத்துல ஏறோணும்னு சொல்லு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அட்டைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "வாய்க்கால் ஓரத்து மரத்துல ஏறச் சொல்லுங்கப்பா" என்றாள். "ரெண்டு நாள்ல பழுக்கறதாப் பாத்துப் பறிக்கோணும். நானும் வர்றேன்."